முதலில் ஆண்டு, பிறகு புத்தகம்

மே மாதம் பிறந்துவிட்டால் திருச்சி கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடைகளுக்குள் நுழைய முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தருவது என்று முடிவெடுத்த குடும்பங்களுக்கும் இந்த மாதத்தில்தான் கவலை தொடங்குகிறது. எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடு. மகளுக்கு ஆறு வயது. அதனால் புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்கள் சிலர் எங்களைத் தேடி வருவதுண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தப் பாடத்திட்டம் வாங்குவது?

போன வாரம் ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். ஜூலையில் பையனுக்கு ஆறு முடிகிறது. அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, அமெரிக்காவுல இருக்கிற என் நாத்தனார் ஒரு செட் சொல்றாங்க. முப்பத்தாறு வாரத்துக்கும் எல்லாம் அதுலயே இருக்காம். தினமும் பிரிச்சு வெச்சா போதுமாம். வாங்கிடலாமா?"

"இப்ப வாங்காதம்மா. மொதல்ல நம்ம வீட்டுக் காலண்டரை எடுத்து வெச்சுக்கிட்டு உட்காரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்த முப்பத்தாறு வாரம் அமெரிக்கப் பள்ளி ஆண்டின் கணக்கு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 பள்ளி நாட்கள். அதனால் செப்டம்பர் பாடத்தில் ஆப்பிள் பறிப்பார்கள், அக்டோபரில் இலை நிறம் மாறும், டிசம்பரில் பனி கொட்டும், மார்ச்சில் பூ பூக்கும். அந்த ஊர்ப் பிள்ளை ஜன்னலைத் திறந்தால் புத்தகத்தில் படித்தது வெளியே நடந்துகொண்டிருக்கும். அந்தப் பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. நம் பிள்ளை ஜன்னலைத் திறந்தால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஆறு வயதுக் குழந்தைக்குப் படிப்பும் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பனியைப் பற்றி அவள் பிறகு எவ்வளவோ படிக்கலாம். முதல் ஆண்டில் அவள் படிக்க வேண்டியது அவள் கண் முன்னால் நடப்பதை.

எங்கள் ஊரில் அதற்குக் காவிரி இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள். நீர் போதாத ஆண்டில் தள்ளிப்போகும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நாளிதழில் தினமும் நீர்மட்டம் போடுகிறார்கள். மகள் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைக்கிறாள். நேற்றைவிட ஏறியதா, இறங்கியதா, 120 ஆக இன்னும் எத்தனை அடி வேண்டும்? ஒன்றாம் வகுப்புக் கணக்கில் பாதி அந்தத் தாளிலேயே வந்துவிடும். திறந்த தண்ணீர் சில நாளில் முக்கொம்புக்கு வரும். அங்கே கொள்ளிடம் பிரிவதை நேரில் காட்டிவிட்டு வீட்டு முற்றத்து மண்ணில் இரண்டு கால்வாய் வெட்டிக் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் புவியியல் பாடம் முடிந்தது. ஆடிப் பெருக்குக்கு ஆற்றங்கரையில் ஊரே கூடும். பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ள அன்றைக்குக் கதை கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. நேரான பக்கமுள்ள ஒரு போத்தலில் ஸ்கேலை ஒட்டி மொட்டை மாடியில் வைத்தால் மில்லிமீட்டர் புரியும். மழை முடிகிற சமயத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து சேரும். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று 2024இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. இமயமலையைத் தாண்டிவரும் வரித்தலை வாத்து அங்கே வருகிறது. காவிரியிலிருந்து பிரியும் கால்வாய் நீர்தான் அந்த ஏரியையும் நிரப்புகிறது என்று சொன்னால், ஜூனில் தாளில் எழுதிய எண்ணுக்கும் ஜனவரியில் பார்க்கிற வாத்துக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளையே பிடித்துக்கொள்கிறாள். தையில் சம்பா அறுவடை. படி, மரக்கால் என்று அளந்து பார்க்க நெல் கிடைக்கும். மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும். அப்போது அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கத்துக்குப் போய்வந்து இரவில் மாடியில் படுக்கலாம். சித்திரை வெயிலில் வேலையைக் குறைத்துக்கொண்டு கதை கேட்க வேண்டியதுதான்.

இப்படிப் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் ஊர் தூத்துக்குடியானால் உப்பளமும் கடலும் வரும். நீலகிரியானால் தென்மேற்குப் பருவமழையும் தேயிலையும் வரும். இதுதான் முதுகெலும்பு. புத்தகங்கள் இதன்மேல் வந்து உட்காரட்டும்.

அடுத்தது மொழி. தமிழ் பேசுகிற வீட்டில் பிள்ளை முதலில் தமிழில் படிக்கக் கற்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. காதில் ஏற்கெனவே இருக்கிற மொழியைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் வாசிப்பு. 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். அரிச்சுவடி வரிசையில் அ-வில் தொடங்கி ஃ வரை போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ட, ப, ம என்ற மூன்று எளிய வடிவங்களையும் புள்ளியையும் சொல்லிக்கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களை அன்றே படித்துவிடலாம். தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதை எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டமும் கவனிக்காது. பிள்ளை வீட்டில் "மரத்துல ஏறுச்சு" என்கிறாள். புத்தகம் "மரத்தில் ஏறியது" என்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையும் இந்த இடைவெளியில் தடுமாறி நின்றுவிடும். இதற்கு ஒரே மருந்து, தினமும் சத்தமாகப் படித்துக் காட்டுவது. புத்தகத் தமிழைத் தினமும் காதால் கேட்கிற பிள்ளைக்கு அது வேற்றுமொழியாகத் தோன்றாது. அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் தொடங்கலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் நல்ல படக்கதைகளைத் தமிழில் தருகிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை நிலையாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்து முடித்ததும், கேட்டதை அவளையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் 1886இல் வெளியான 'ஹோம் எஜுகேஷன்' நூலிலேயே இதை முக்கியமான முறையாகச் சொல்லியிருக்கிறார். கேள்வித்தாள் எதுவும் தராத தெளிவை அது தரும். பிள்ளைக்கு என்ன புரிந்தது, எங்கே விட்டது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலம் இந்த ஆண்டு பாட்டாகவும் கதையாகவும் காதில் விழட்டும். எழுத்தைத் தைக்குப் பிறகு தொடங்கினால் போதும்.

எழுதப் பழக்குவதற்கு விரல்தான் முதல் பேனா. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதினார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கை வடிவத்தை உணர்ந்த பிறகு பென்சில் எளிதாக வரும். ஒரு தாம்பாளமும் அரிசி மாவும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

கணக்குக்கு எண் பயிற்சி நோட்டுகளை அடுக்க வேண்டாம். நூறு மணி கோத்த சரம் ஒன்று வேண்டும். பத்து சிவப்பு, பத்து வெள்ளை என்று மாறி மாறி வர வேண்டும். 37 எங்கே இருக்கிறது என்று கேட்டால், மூன்று பத்தைத் தாண்டி ஏழு மணி எண்ணிக் காட்டுவாள். இடமதிப்பு கைக்கு வந்துவிடும். பல்லாங்குழியில் பதினான்கு குழிக்கும் புளியங்கொட்டை பிரித்துப் போடுவது கூட்டலும் வகுத்தலும்தான். தென்னூர் உழவர் சந்தைக்கு அழைத்துப்போய் ஐம்பது ரூபாயை அவள் கையில் கொடுத்து, கால் கிலோ கேரட்டும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கச் சொன்னால் கழித்தல் வந்துவிடும்.

இனி நேரம். பள்ளியில் ஆறு மணி நேரம் உட்காருகிறார்களே, வீட்டில் ஒரு மணி நேரம் போதுமா என்று எல்லாத் தாத்தாக்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று வைத்திருக்கிறது. சராசரியாக நாளுக்கு நான்கு மணி நேரம். அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்து, முப்பது நோட்டைத் திருத்த அவ்வளவு நேரம் வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு பிள்ளைக்குத் தமிழ் 15 நிமிடம், கணக்கு 15 நிமிடம், நடுவே ஓட்டம், பிறகு அரை மணி நேரம் கதை. ஆறு வயதுக்கு இது நிறைவான நாள். மிச்ச நேரம் வீணாகப் போவதில்லை. மாவு பிசைவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தெருப் பிள்ளைகளோடு ஓடுவதும் படிப்பில் சேர்ந்தவை. தெருப் பிள்ளைகளைக் குறிப்பாகச் சொல்கிறேன். மாலை விளையாட்டைக் காலைப் பாடத்துக்குச் சமமாக அட்டவணையில் எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நட்பு தானாக அமையாது. பெற்றோர்தான் இடமும் நேரமும் தேடிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் தெளிந்த பிறகு புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். என்.சி.இ.ஆர்.டி. 2023இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' புத்தகமும் இணையத்தில் உண்டு. இந்த இரண்டிலும் தொடங்குங்கள். இவற்றில் குறை தெரிந்த பாடத்துக்கு மட்டும் வெளியே தேடுங்கள். முழு செட் வாங்குவதில் பெரிய சிக்கல், எல்லாப் பாடத்தையும் அது ஒரே வகுப்பில் கட்டிப்போடுவது. வாசிப்பில் இரண்டாம் வகுப்பு அளவுக்குப் போய்விட்ட பிள்ளை கணக்கில் இன்னும் இருபதைத் தாண்டாமல் இருக்கலாம். அது இயல்பு. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றிலும் அவள் இருக்கும் இடத்திலிருந்து போகலாம். எதையும் வாங்குவதற்கு முன் அதிலிருந்து ஒரு மாதிரிப் பாடத்தைப் பிள்ளையோடு நடத்திப் பாருங்கள். நாளைக்கும் இதைச் செய்யலாமா என்று அவள் கேட்டால் வாங்குங்கள். முந்தின இரவு நீங்கள் ஒரு மணி நேரம் படித்துத் தயாராக வேண்டிய புத்தகம் என்றால், எவ்வளவு நல்லதானாலும் விட்டுவிடுங்கள். ஆகஸ்டுக்குள் களைத்துப்போவீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக அனுமதியும் அதில் இல்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் எப்போது பள்ளிக்குப் போக விரும்பினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமை பிள்ளைக்கு உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளை வைத்திருக்கிறது. பதினான்கு வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்கு அதில் பதிவு செய்யலாம். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளை எழுதியதையும் வரைந்ததையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். நாளைக்கு ஒரு தலைமை ஆசிரியர் முன் போய் உட்கார நேர்ந்தால் அந்தக் கோப்பு உங்களுக்காகப் பேசும்.

எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டில் ஒருவருடைய சம்பளத்தை விட முடிகிற குடும்பத்துக்குத்தான் இது சாத்தியம். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது படிப்போடு காலை உணவும் மதிய உணவும் பாதுகாப்பும் சேர்ந்த இடம். அந்தப் பள்ளிகள் நன்றாக இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய பொறுப்பு, பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்து. ஆனால் இந்த வழியைத் தேர்ந்துவிட்டீர்கள் என்றால், பள்ளியைச் சிறிதாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்காதீர்கள். அதற்காகவா இவ்வளவு பெரிய முடிவை எடுத்தோம்?

அந்தத் தம்பதிக்குக் கடைசியாகச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஜூன் முதல் இரண்டு வாரம் எந்தப் பாடப்புத்தகத்தையும் திறக்க வேண்டாம். தினமும் கதை படியுங்கள், வெளியே கூட்டிப்போங்கள், அவன் எதில் நேரம் போவது தெரியாமல் நிற்கிறான், எதில் எழுந்து ஓடுகிறான் என்று கவனித்து ராத்திரி நான்கு வரி எழுதி வையுங்கள். மூன்றாவது வாரம் அந்தக் குறிப்பையும் சுவரில் ஒட்டிய ஆண்டுத் தாளையும் எதிரே வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை அப்போது நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். என்னைக் கேட்க வேண்டிய தேவை இருக்காது.