பார்சல் வந்திருக்கு என்பான்; "21" அழுத்தினால் போன் அவன் கைக்கு! தாம்பரம் வட்டார மக்களே, உஷார்!

தாம்பரம்:

"சார், பார்சல் வந்திருக்கு. அட்ரஸ் சரியா கிடைக்கல. ஒரு நம்பர் தர்றேன், அதை அழுத்துங்க, டெலிவரி பையன் லைன்ல வருவான்" என்று ஒரு குரல் பேசும். குரலில் பணிவு சொட்டும்.

சொன்ன எண் என்ன? முதலில் நட்சத்திரக் குறி, பிறகு 21, மறுபடி நட்சத்திரம், அப்புறம் ஒரு 10 இலக்க எண், கடைசியில் ஹாஷ். அழுத்திய மறுகணம் காரியம் முடிந்தது. இனி அந்தப் போனுக்கு வரும் அழைப்பெல்லாம் மோசடி ஆசாமியின் போனில் மணி அடிக்கும். சொந்தக்காரரின் போன் "உம்" என்று கிடக்கும்.

சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் பகலில் வீட்டில் தனியாக இருப்பது வயதானவர்கள்தான். பிள்ளைகள் அனுப்பும் பார்சலும் அடிக்கடி வரும். ஆகவே சந்தேகம் எழுவதில்லை.

எஸ்.எம்.எஸ். போகாது, ஆனால்...

இது வைரசும் அல்ல, திருட்டு "ஆப்"பும் அல்ல. டெலிபோன் கம்பெனியே தரும் "கால் ஃபார்வர்டிங்" வசதிதான். இதில் எஸ்.எம்.எஸ். திசை மாறாது. ஆனால் ஓ.டி.பி.யை அழைப்பாகவும் கேட்டு வாங்கலாமே! வாட்ஸ்அப் கணக்குக்கான ரகசிய எண்ணும் அழைப்பில் கிடைக்கும். அது சிக்கினால் "அவசரமா பணம் அனுப்பு" என்று உறவினர்களுக்கெல்லாம் சேதி பறக்கும். பாங்கிலிருந்து விசாரிக்க வரும் போனுக்கும் அந்த ஆசாமியே "ஆமா, நான்தான்" என்பான்.

போனை அணைத்தாலும் தீராது!

பலர் போனை அணைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். புண்ணியமில்லை. இந்தக் கட்டளை கைபேசியில் தங்குவது இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. 4ஜி பேச்சு இன்டர்நெட் முறையில் போனாலும் கதை அதுதான். புதுப் போன் வாங்கி அதே சிம்மைப் போட்டாலும் அழைப்பு அங்கேதான் போகும்.

முன்பெல்லாம் திருப்பிவிட்ட அழைப்புக்குக் காசு ஏறும். பில் காட்டிக் கொடுக்கும். இப்போது "அன்லிமிடெட்" பேச்சு. பில்லும் ஊமையாகிவிட்டது!

பாதி வழிதான் அடைப்பு

மத்திய தொலைத்தொடர்புத் துறை சும்மா இருக்கவில்லை. *401# ரக யு.எஸ்.எஸ்.டி. எண்கள் மூலம் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் 21 வேறு ரகம். ஜி.எஸ்.எம். போன் வந்த காலத்திலிருந்தே உலகம் முழுக்க உள்ள குறியீடு. கைபேசியே அதைப் புரிந்துகொண்டு கட்டளை அனுப்பிவிடும். முன் கதவுக்குப் பூட்டு, கொல்லைக் கதவு திறப்பு என்ற கதைதான்.

டாக்டருக்கும் கடைக்காரருக்கும் இந்த வசதி தேவை, மறுப்பதற்கில்லை. கேட்பவருக்கு மட்டும் திறந்து கொடுத்தால் என்ன? பென்ஷன்காரர் போனில் எதற்கு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்? கம்பெனிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என்ன செய்வது?

சந்தேகம் வந்தால் *#21# அழுத்திப் பார்க்கலாம். திருப்பிவிட்டிருந்தால் திரையில் தெரியும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பலும் ரத்து. சில கம்பெனிகளில் "மிஸ்டு கால்" தகவலும் சேர்ந்து நின்றுவிடலாம்; பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும். அதையும் வேறு ஒருவர் போனிலிருந்து செய்வது நல்லது. திரும்பக் கூப்பிடும் அதிகாரியின் அழைப்பு மோசடிக்காரனுக்கே போய்விடக் கூடாது அல்லவா?