முகூர்த்த நாளைக் குறிக்கும் கூலி

2024 ஜூலையில் மும்பையில் நடந்த அம்பானி வீட்டுத் திருமணத்தை ஊர் உலகமே வாய் பிளந்து பார்த்தது. மார்ச்சிலேயே ஜாம்நகரில் தொடங்கிவிட்ட கொண்டாட்டத்தில் ரிஹானா வந்து பாடினார். கல்யாணத்துக்குச் சில நாள்கள் முன்பு, பால்கர் பகுதியைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏழை ஜோடிகளுக்கு நகையும் ரொக்கமும் கொடுத்து அதே குடும்பம் திருமணம் நடத்தி வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டுப் பருவம் நெருங்கும்போது நடக்கும் கல்யாணங்களைப் படம் பிடிக்க எவரும் போவதில்லை. அங்கே மணமேடையில் உட்காரும் பெண்களில் பலர் இன்னும் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

பீட் வறண்ட பூமி. மழை பொய்த்த மராத்வாடாவின் இந்த மூலையிலிருந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் போகிறார்கள். திரும்பி வரக் கோடை ஆகிவிடும். ஆள் பிடிக்கும் முகாதம், அதாவது மேஸ்திரி, பருவத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிடுவார். அந்தப் பணத்தைத் தனி ஆளுக்குக் கொடுப்பது அபூர்வம். புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ஒரே கணக்காகத்தான் கொடுப்பார். ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் கட்டிச் சுமக்க வேண்டும். கல்யாணமாகாத பையனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே மகனுக்குச் சீக்கிரம் பெண் பார்க்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கோ வேறு கவலை. ஆறு மாதம் வயற்காட்டுக் கூடாரத்தில் கிடக்கும்போது வயசுக்கு வந்த மகளை ஊரில் யாரிடம் விட்டுப்போவது? கூடவே அழைத்துப் போனால் அங்கே என்ன பாதுகாப்பு? இரண்டு வீட்டுக் கவலையும் ஒரே முகூர்த்தத்தில் தீர்ந்துபோகிறது. சர்க்கரை ஆலை வாசலிலேயே அவசர அவசரமாக முடிக்கும் கல்யாணங்களும் உண்டு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பீட் மாவட்டத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 43.7 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். நாடு முழுவதும் சராசரி 23.3 சதவீதம். கணக்கு அதோடு முடியவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம். மாதவிலக்கு என்றாலும் வயிற்றுவலி என்றாலும் அபராதம் அபராதம்தான். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் ஏராளம் என்று செய்தி வந்தபோது, 2019-இல் மகாராஷ்டிர அரசு ஒரு குழுவை அமைத்தது. 82,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்ததில் 13,000-க்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டது தெரியவந்தது. முப்பதைத் தாண்டாதவர்களும் அதில் இருந்தார்கள். பிள்ளைப்பேறு எப்போது, எத்தனை, எதோடு நிறுத்துவது என்பதையெல்லாம் கணவன் மனைவி பேசி முடிவு செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பீட்டில் அந்த முடிவில் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு.

குழந்தைத் திருமணம் என்றதும் 'விழிப்புணர்வு இல்லை', 'பழைய வழக்கம்' என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும் என்பது பீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. கூலி கொடுக்கும் முறையை மாற்றாமல் ஊர் ஊராகத் தெருக்கூத்து நடத்திப் பயனில்லை.

இதையெல்லாம் வடக்கத்திக் கதை என்று தள்ளிவிடவும் நமக்கு யோக்கியதை இல்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' அவ்வளவு பழைய செய்தியல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார ஆலைகளுக்காகத் தென் மாவட்டங்களில் புரோக்கர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் 30,000, 50,000 என்று மொத்தமாகப் பணம் கிடைக்கும், கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கொள்ளலாம் என்பது பேச்சு. மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று பெயர்களிலேயே மஞ்சள் குங்குமம் மணக்கும். அந்த மொத்தத் தொகை யாரும் போட்ட சீரல்ல. மாதா மாதம் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததுதான். உடம்பு முடியாமல் இரண்டரை வருடத்தில் திரும்பி வந்தவளுக்கு அதுவும் கிடையாது. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. திட்டத்தின் பெயர் மெல்ல மறைந்தது. வெளியே போக விடாத விடுதிகள் பெயரோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

பீட்டில் ஏழ்மை கல்யாணத்தை முன்னுக்கு இழுக்கிறது என்றால், இன்னொரு பக்கம் அது கல்யாணமே நடக்காமலும் செய்கிறது. 2022 டிசம்பரில் சோலாப்பூர் கலெக்டர் அலுவலகத்துக்கு மாப்பிள்ளை வேடத்தில், குதிரை மேல், பேண்டு வாத்தியத்தோடு இளைஞர்கள் ஊர்வலமாகப் போனார்கள். பெண் கிடைக்கவில்லை என்பது மனு. அடுத்த இரண்டே மாதத்தில் கர்நாடகத்தின் மண்டியாவிலிருந்து கல்யாணமாகாத விவசாயிகள் மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை கிளம்பினார்கள். சிரிக்கத் தோன்றும் காட்சிகள்தான். பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்ததன் விளைவும் இதில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 894 பெண் குழந்தைகளே இருந்தார்கள். ஆனால் பெண்கள் குறைந்தால் அந்தக் குறை எல்லார் வீட்டிலும் சமமாக விழுவதில்லை. மாதச் சம்பளக்காரனுக்குப் பெண் கிடைத்துவிடுகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன்தான் நிற்கிறான். அந்த வீட்டுக்குப் போனால் தானும் வெயிலில் காய வேண்டும் என்று ஒரு பெண் மறுத்தால் அவளைக் குறை சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இந்த இரண்டுக்கும் நடுவில் தவிப்பது பவுன் கணக்குப் போடும் குடும்பம். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். 1960 முதல் 2008 வரை கிராமப்புற இந்தியாவில் நடந்த 40,000 திருமணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 95 சதவீதத்தில் வரதட்சணை கைமாறியதாகக் கண்டார்கள். கேட்காமலே 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவது' என்று சொல்லிவிடும் நாகரிகம் இப்போது வந்திருக்கிறது. 2025 ஜூலையில் சென்னையில் ஒரு பவுன் 75,000 ரூபாயைத் தாண்டியது. முப்பது பவுன் என்றால் செய்கூலி, சேதாரம் சேர்க்காமலே இருபத்திரண்டரை லட்சம். தங்கத்தின் விலை ஏறும் மாதங்களில் இந்தியாவில் பிறந்த பெண் சிசுக்களின் இறப்பு கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் சோனியா பலோத்ரா முதலியோர் 2020-இல் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்துக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அரசு என்ன செய்யலாம்? கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பது நமக்குப் பழகிய வழி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தமிழ்நாட்டில் திருமண உதவி தொடங்கியது. 2011-இல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் பெண்கள் பள்ளியில் நீடிக்க அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் தங்கம் இல்லாமல் கல்யாணம் இல்லை என்பதற்கு அரசே சாட்சிக் கையெழுத்து போட்ட மாதிரிதான் அது. 2022-இல் அந்தத் திட்டம் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியபோது, தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. மாற்றியது சரியான முடிவு.

ஆனால் உதவித்தொகை மட்டும் போதாது என்பதற்கு மேற்கு வங்கம் சாட்சி. 18 வயது வரை கல்யாணம் செய்யாமல் படித்தால் 25,000 ரூபாய் தரும் கன்யாஸ்ரீ திட்டம் அங்கே 2013-இல் வந்தது, ஐ.நா. விருதும் பெற்றது. 2015-16 ஆய்வில் அங்கே 18 வயதுக்கு முன் மணமான பெண்கள் 41.6 சதவீதம். ஐந்து வருடம் கழித்தும் அதே 41.6. தமிழ்நாட்டிலோ அது 16.3-லிருந்து 12.8 ஆக இறங்கியது. வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, படித்து முடித்த பெண் போக இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பது; இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். சம்பளம் கொண்டுவரும் மகளை அவசரமாகக் கட்டிக்கொடுக்க எந்த வீட்டுக்கும் மனம் வராது. அந்தச் சம்பளம் மாதா மாதம் அவள் கைக்கே வருகிறதா, விடுதிக் கதவு அவளுக்குத் திறக்கிறதா என்று பார்ப்பது தொழிலாளர் துறையின் வேலை. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டுபவருக்குத் தம்பதிக் கணக்கை ஒழித்து ஆளுக்குத் தனிக் கூலி, தனிப் பதிவு என்று ஆக்குவதும் அப்படியே. சமூக நலத்துறை மட்டும் தனியாக இழுத்து நகரும் தேரல்ல இது.

கொடுக்கும் தொகையும் விலைவாசியைப் பார்க்க வேண்டும். புதுமைப் பெண் திட்டம் தொடங்கிய 2022 செப்டம்பரில் ஒரு பவுன் ஏறத்தாழ 38,000 ரூபாய். மூன்றே வருடத்தில் அது இரட்டிப்பானது. மாணவிக்கு மாதம் தரும் தொகை 2025-லும் அதே 1,000 ரூபாய்தான்.