கவனக்குறைவா, ஊசியின் குறையா?

மாணவர்களே, போன வாரம் படிவம் நான்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "நோயாளிக்கு ஊசி போட்டு முடித்த தாதியின் விரலில் அதே ஊசி குத்திவிட்டது. என்ன காரணம்?" ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "கவனமாக இல்லை, டீச்சர்." பின் வரிசையில் ஒருவன் மட்டும், "தூக்கம் வந்திருக்கும்" என்றான். அவனுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். மற்றவர்களின் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஆபத்து என்னவென்று பார்ப்போம். ஊசி போடப் பயன்படும் ஊசி, உள்ளே துளையுள்ள ஒரு மெல்லிய குழாய். உடம்பிலிருந்து வெளியே எடுத்த பிறகும் அந்தத் துளைக்குள் கொஞ்சம் இரத்தம் தங்கியிருக்கலாம். கையுறை போட்டிருந்தால், ஊசியின் வெளிப்புறத்தில் ஒட்டியுள்ள இரத்தத்தில் ஒரு பகுதியைக் கையுறை துடைத்துவிடும். துளைக்குள் இருப்பதை அது ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரத்தம் எச்.ஐ.வி. உள்ளவருடையது என்றால், குத்துப்பட்டவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 300இல் 1. ஹெப்பாடைடிஸ் பி கிருமி இதைவிடப் பொல்லாதது. தடுப்பூசி போடாதவருக்கு அந்த வாய்ப்பு 100இல் 6 முதல் 30 வரை போகும். காய்ந்துபோன இரத்தத்திலும் அது குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். உலகில் அப்போதிருந்த 35 மில்லியன் சுகாதார ஊழியர்களில் ஏறக்குறைய 3 மில்லியன் பேர் ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் குத்துப்படுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது.

சுகாதார ஊழியர் என்றவுடன் உங்களுக்கு வெள்ளை அங்கிதான் நினைவுக்கு வரும். எனக்கு என் அம்மா நினைவுக்கு வருவார். ஒரு மருத்துவமனையில் குத்தகையாளரிடம் துப்புரவுப் பணியாளராக இருந்தார். ஒருநாள் சாதாரணக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது உள்ளே இருந்த ஊசி அவர் காலில் குத்திவிட்டது. மஞ்சள் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய ஊசி அது. யாருக்குப் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, "பார்த்துத் தூக்கக் கூடாதா?" என்பதுதான். கறுப்புப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அம்மாவிடம் எக்ஸ்ரே கண்ணா இருந்தது?

நம் நாட்டில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். நான் 1990இல் பிறந்தவள், எனக்கு அது கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. குத்துப்பட்ட பிறகுதான் போட ஆரம்பித்தார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் நகவெட்டியை யாரும் தொடவிடாமல் ஒளித்து வைத்தார். எங்கள் தட்டில் சாப்பிட மாட்டார். தட்டில் இந்தக் கிருமி பரவாது என்று இன்று ஆசிரியையாக எனக்குத் தெரியும். அன்று அவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனின் ஜேகர் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு மருத்துவமனையில் பத்து மாதங்களில் நடந்த 326 ஊசிக் காயங்களை ஆராய்ந்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். 'யார் குத்திக்கொண்டார்?' என்பதோடு நிற்காமல், 'எந்தக் கருவி குத்தியது?' என்று கேட்டார்கள். எண்ணிக்கையில் சாதாரண சிரிஞ்சுதான் முதலிடம். நூற்றுக்கு 35 காயங்கள் அதனால் வந்தவை. ஆனால் அதுதானே அதிகமாகப் பயன்படுகிறது! ஆகவே வாங்கிய எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார்கள். ஒரு லட்சம் சிரிஞ்சுக்கு 6.9 காயம் என்று வந்தது. நரம்பில் மருந்து ஏற்றும் குழாயோடு இணைந்த ஊசிக்கோ ஒரு லட்சத்துக்கு 36.7, அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். அதே மருத்துவமனை, அதே ஊழியர்கள். ஒரு கருவியைத் தொடும்போது கவனமாகவும் இன்னொன்றைத் தொடும்போது கவனமில்லாமலுமா இருந்தார்கள்? (எண்ணிக்கைக்கும் வீதத்துக்கும் என்ன வேறுபாடு என்று தேர்வில் திணறுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.)

இன்னொன்றும் தெரிந்தது. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதோடு தொடர்புடையவை. மூடாதீர்கள் என்ற விதி அப்போதே இருந்தது. பிறகு ஏன் மூடினார்கள்? மூடாத நாலைந்து ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் உள்ள பெட்டிவரை நடப்பது இன்னும் பெரிய ஆபத்து என்று நினைத்ததும் ஒரு காரணம். இதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் பதில். பயன்படுத்தியவுடன் தானே உறைக்குள் போய்விடும் ஊசி, ஊசியே தேவைப்படாத மருந்துக்குழாய் இணைப்பு ஆகியவை பதில். அமெரிக்கா 2000இல் இத்தகைய கருவிகளுக்காகவே தனிச் சட்டம் போட்டது. அவை சாதாரண ஊசியைவிட விலை கூடியவை என்பது உண்மைதான். ஆனால் ஆறு மாதப் பரிசோதனைக்கும் விலை உண்டு. நகவெட்டியை ஒளித்து வைத்த அம்மாவின் பயத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கட்டுரைகளில் நீங்கள் தாதியரை 'உயிரைப் பணயம் வைக்கும் தெய்வங்கள்' என்று எழுதுகிறீர்கள். அன்பில்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் சிவப்பு மையில் கோடு போடத் தோன்றுகிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால், பெட்டி ஏன் தூரத்தில் இருக்கிறது என்று கேட்க மறந்துபோகிறோம்.

அதே வகுப்பில் இன்னொரு கேள்வியும் கேட்டேன். "யார் வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள்?" பதினொரு கைகள் உயர்ந்தன. தாத்தாவுக்கு, பாட்டிக்கு, ஒருத்திக்கு அவள் அப்பாவுக்கு. "போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது?" ஒன்பது பேர், குப்பைத்தொட்டி என்றார்கள். அந்தப் பையைக் காலையில் தூக்குகிறவரும் என் அம்மாவைப் போலத்தான், உள்ளே இருப்பது தெரியாமல் தூக்குகிறார். துணி துவைக்கும் சோப்புத் திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் போத்தல் ஒன்று தீர்ந்ததும் எடுத்து வையுங்கள். வெளியே 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். தாத்தா பயன்படுத்திய ஊசியை அவரே நேராக அதில் போடட்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, அவர் மருந்து வாங்கும் அரசாங்கக் கிளினிக்கில் யாரிடம் ஒப்படைப்பது என்று கேளுங்கள். ஒரு மாணவி மறுநாளே போத்தலோடு வந்து, "டீச்சர், இது போதுமா?" என்றாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். போதும்.