மண்ணை மிதியாத மதிப்பீடு

மன்னார்த் தீவில் ஓர் ஏக்கர் காணியின் பெறுமதி என்ன? தரகர் கேட்கிறார், வங்கி கேட்கிறது, காற்றாலை நாட்ட வருவோரும் கனிய மணல் தேடி வருவோரும் கேட்கின்றனர். கேட்போர் பெருகிவிட்ட இந்நாளில், விடை கூறத் தகுதியுடையவர் யார் என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

மேல்நாடுகளில் இப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவியுள்ளது. வீட்டின் முகவரியை இணையத்தில் இட்டால், அயலில் விற்ற வீடுகளின் விலைகளைக் கூட்டிக் கழித்து ஒரு தொகையை அது நொடிப்பொழுதில் சொல்லிவிடும். காலமும் கட்டணமும் மிச்சம். இலங்கையிலும் இதற்கு வழி திறக்கிறது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அனுமதித்த கடன் திட்டத்தின்கீழ், விற்பனை விலைகளையும் வாடகைகளையும் நாடெங்கும் பதியும் எண்முறைப் பேரேடு ஒன்றை அமைப்பதாக அரசு உறுதியளித்தது. பேரேடு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விலைகள் ஒளிவுமறைவின்றி வெளிவருதல் காணியை விற்கும் ஏழைக்கும் நன்மையே. ஆயின், பேரேட்டைக் கொண்டு கணினி கூறும் தொகையையே முடிந்த முடிபாகக் கொள்வது பெருந்தவறாகும்.

அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குக. சில்லோ என்னும் நிறுவனம் 2006 இல் இத்தகைய மதிப்பீட்டை மக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 இல் தானே வீடுகளை வாங்கி விற்கும் வியாபாரத்திலும் இறங்கியது. விலையை முன்கூட்டிக் கணிப்பது தான் எண்ணியதிலும் கடினம் என ஒப்புக்கொண்டு, 2021 நவம்பரில் அவ்வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. ஒரே காலாண்டில், கையிருந்த வீடுகளின் பெறுமதியில் 30 கோடி டொலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது. விற்பனைப் பதிவுகள் மலைபோற் குவிந்துள்ள நாட்டிலேயே நிலை இதுவாயின், காணி கைமாறுவதே அரிதான எமது கரையோரத்தில் கணினி எதனைக் கண்டு கணிக்கும்? நமது மத்திய வங்கி நெடுங்காலமாக வெளியிட்டுவரும் காணி விலைக் குறிகாட்டியும் கொழும்பு மாவட்டத்துக்கு உரியதேயன்றி மன்னாருக்கு உரியதன்று.

மேலும், எமது காணியின் தன்மை வேறு. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் இரண்டு வயல்கள் அருகருகே கிடக்கும். ஒன்றுக்குத் துருசின் நீர் தடையின்றிப் பாயும். மற்றையது வாய்க்காலின் கடைசியில் வாடும். வரைபடத்தில் இரண்டும் ஒன்றே, விளைச்சலில் ஒன்றல்ல. கரைவலை இழுக்கும் பாட்டை அடுத்த மணற்றிடல் பிறருக்கு வெறுந்தரை. மீனவனுக்கோ அதுவே வாழ்வு. ஒரு கிணற்றில் நன்னீர், அடுத்த கிணற்றில் உவர்நீர். உறுதிக் காணி ஒரு விலை பெறும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணி தங்குதடையின்றி விற்கத் தக்கதன்று. பிரிக்கப்படாத பங்கைப் பிறருக்கு விற்கப் புகுந்தால், தேசவழமையின்படி பங்காளிகளுக்கு முதலுரிமை உண்டு. இவற்றையெல்லாம் வயலில் நடந்து, கிணற்றைப் பார்த்து, உறுதியைப் படித்து, ஊராரை விசாரித்தே அறிய முடியும்.

எம்மவர் தவறு ஒன்றையும் மறைத்தலாகாது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, கொடுத்த விலையைக் குறைத்து உறுதியில் எழுதும் பழக்கம் எம்மிடம் உண்டு. அன்று நாம் எழுதிய பொய்யைத்தான் நாளை கணினி மெய்யெனக் கொண்டு எமக்கே திருப்பிக் கூறும்.

இது வெறும் வாதமன்று. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், எடுக்கப்படும் காணிக்குச் சந்தைப் பெறுமதி வழங்க வேண்டும் என்கிறது. விற்க விரும்புபவர் திறந்த சந்தையில் பெறக்கூடிய தொகையே அதன் பொருள். தொகை போதாதெனில் மீளாய்வுச் சபையிடம் முறையிடலாம். அங்கே மதிப்பாளரை நிறுத்தி, “எக்காணியோடு ஒப்பிட்டீர்? ஏன் இவ்வளவு குறைத்தீர்?” என்று கேட்கலாம். கணினியை எவ்வாறு கூண்டில் ஏற்றுவது? 2020 டிசம்பரில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 மன்னாரில் இயங்கத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். காணிக்காக இத்துணைப் போராட்டம் நடக்குமிடத்தில், காரணம் கூறாத தொகையை எவர் ஏற்பார்?

மதிப்பாளர் எல்லாரும் மாசற்றவர் என்று நாம் வாதிடவில்லை. கொழும்பில் இருந்தபடியே அறிக்கை எழுதும் மதிப்பாளருக்கும் கணினிக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே நாம் கேட்பன இவை: மதிப்பிடுபவர் காணிக்கு நேரில் வரல் வேண்டும். அறிக்கையில் காரணங்களைத் தமிழில் எழுதி, தம் பெயரை இட்டுக் கையொப்பமிடல் வேண்டும். கணினி தரும் தொகை அவருக்குத் துணையாக மட்டும் இருக்கலாம். எமது நில அளவையாளரும் சட்டத்தரணிகளும் மதிப்பாளரும் விடுமுறை நாளிலேனும் கிராமங்களுக்குச் சென்று விவசாயிகளின் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் பார்த்து வழிகாட்டல் வேண்டும். விவசாயிகளும் உண்மை விலையை உறுதியில் எழுதப் பழகல் வேண்டும்.

காணியைக் கொடுப்பதா, கொடுக்க மறுப்பதா என்பது உரியவரின் தீர்மானம். அத்தீர்மானத்துக்கு முன், தம் காணியின் உண்மைப் பெறுமதியை அதனை மிதித்துப் பார்த்த ஒருவரின் வாயால் கேட்டறியும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வுரிமையை நாம் கைவிடலாகாது.