கீறல் விழுந்த ரெக்கார்டு ஆகலாமா?

'சொன்னதையே சொல்லிட்டு இருக்காதே... கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி!'

வீட்டில் பாட்டியோ, தாத்தாவோ இப்படித் திட்டிக் கேட்டிருப்பீர்கள். ரெக்கார்டு என்றால் என்ன, அதில் கீறல் விழுந்தால் ஏன் சொன்னதையே சொல்லும் என்று யோசித்தது உண்டா குட்டீஸ்?

ரெக்கார்டு என்பது இசைத்தட்டு. வினைல் என்ற பிளாஸ்டிக்கால் செய்வர்; பெரும்பாலும் கறுப்பு நிறம்; பெரிய தட்டு, 12 அங்குல அகலம் இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கத்திலும், ஓரத்தில் துவங்கி நடுப்பகுதி வரை, கொசுவர்த்திச் சுருள் போல ஒரே ஒரு மெல்லிய பள்ளம் சுற்றிச் சுற்றிச் செல்லும். தட்டு சுழலும்போது ஒரு ஊசி அந்தப் பள்ளத்தில் ஊர்ந்து போகும். பள்ளத்துச் சுவரின் நெளிவுகளுக்கு ஏற்ப ஊசி அதிரும். அந்த அதிர்வுதான் நமக்குப் பாட்டாகக் கேட்கிறது.

இந்தத் தட்டு, மூன்று நிமிடத்தில் 100 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வழியில் ஆழமான கீறல் இருந்தால், ஊசி துள்ளி முந்தைய சுற்றுக்கே போய்விடும். அப்புறம் என்ன... 1.8 விநாடிக்கு ஒரு முறை அதே வரி, அதே வரி, அதே வரிதான்!

தட்டின் மேல் விழும் கீறல் இது. மனிதர்கள் மேல் விழும் கீறல் எது தெரியுமா? கைதட்டல்!

சிரிக்காதீர்கள். பேச்சுப் போட்டியில் ஒரு முறை பரிசு வாங்கி விடுகிறோம். அடுத்த ஆண்டும் அதே பேச்சைத் தூசி தட்டி எடுக்கிறோம். ஓவியப் போட்டி என்றால், போன தடவை பரிசு வாங்கித் தந்த அதே இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், 'எங்கே, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு...' நாமும் பாடுகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ஊசி அதே இடத்தில் சுற்றிக் கொண்டே இருக்கிறது.

இந்தக் கீறல் தங்கள் மேல் விழாமல் பார்த்துக் கொண்ட நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்து நாட்டின் லண்டன் நகரில், 1976ல், 'பங்க்' என்ற புது வகை இசை பரவியது. வேகம், சத்தம், சுருக்கம் - இவைதான் அதன் அடையாளம். பெரிய சங்கீதப் பயிற்சி தேவையில்லை. துணிச்சல் இருந்தால் போதும் என்று இளைஞர்கள் கிடாரைத் தூக்கினர். அப்போது துவங்கிய குழுக்களில் ஒன்று, 'வயர்.' காலின் நியூமன், புரூஸ் கில்பர்ட், கிரஹாம் லூயிஸ், ராபர்ட் கிரே ஆகிய நால்வர் அதில் இருந்தனர். நியூமன் ஓவியக் கல்லூரி மாணவர். கில்பர்ட் அதே கல்லூரியில் ஒலி, ஒளிக் கருவிகளைக் கவனித்து வந்தவர். ஓவியர் வேண்டாத கோட்டை அழிப்பது போல, இவர்கள் பாட்டில் வேண்டாததை எல்லாம் வெட்டி எறிந்தனர். இப்படிக் கலைச் சிந்தனையோடு பங்க் இசைத்தவர்களை, 'ஆர்ட் பங்க்' குழு என்பர்.

இவர்களது முதல் இசைத்தட்டு, 'பிங்க் ஃபிளாக்' 1977ல் வந்தது. சுமார் 35 நிமிடத்தில் 21 பாடல்கள்! அதில் ஒரு பாடல் வெறும் 28 விநாடி. பல் தேய்த்து முடிப்பதற்குள் நான்கு முறை கேட்டு விடலாம். இசை விமர்சகர்கள் பாராட்டினர்.

இப்போது நீங்கள் அந்தக் குழுவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் 21 குட்டிப் பாடல்களைத் தயார் செய்வோம். அதுதானே சுலபம்?

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆண்டே, 1978ல், இரண்டாவது இசைத்தட்டு வந்தது. அதன் பெயர், 'சேர்ஸ் மிஸ்ஸிங்.' நாற்காலிகள் காணோம் என்று பொருள். கொஞ்சம் விசித்திரமான ஆளைப் பற்றி, 'மரை கழன்றவர்' என்று நம் ஊரில் கேலி பேசுவது போல, அங்கே உள்ள ஒரு பேச்சு வழக்கு அது.

இந்தத் தட்டில் 15 பாடல்கள்தான். ஓடும் நேரமோ 42 நிமிடத்திற்கு மேல். ஒரு பாடல் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் நீள்கிறது. தயாரிப்பாளர் மைக் தோர்ன், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியையும் சேர்த்து வாசித்தார். துள்ளல் போகவில்லை, ஆனால், இடையிடையே மெதுவான, கனவு போன்ற பாடல்களும் வந்து சேர்ந்தன.

அதில் ஒரு பாடல் எதைப் பற்றி தெரியுமா? ஒரு புழு!

தக்காளி, பீன்ஸ் இலைகளில் பாம்பு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னஞ்சிறு ஈ ஒன்றின் புழு, இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே இருந்து கொண்டு, பச்சைச் சதையைத் தின்றபடி சுரங்கம் தோண்டிப் போன பாதை அது. சத்தத்திற்குப் பேர் போன பங்க் குழு, இப்படி இலைக்குள் வாழும் பூச்சியைப் பற்றி, 'அவுட்டோர் மைனர்' என்று இனிமையான பாடலைப் பாடும் என்று யாராவது எதிர்பார்த்திருப்பார்களா?

சரி, புதிதாகச் செய்ததற்கு முதல் பரிசு கிடைத்ததா? இல்லை. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு பிடித்தது, 48வது இடம். பழைய வேகத்தையே எதிர்பார்த்தவர்கள் முகம் சுளித்தும் இருக்கலாம். புதியதைச் செய்பவர்கள் இதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். ஆனால், 40 ஆண்டுகள் கழித்து, 2018ல், அந்தத் தட்டு மீண்டும் வினைலில் வெளிவந்தது. நகலெடுத்த இரண்டாவது தட்டாக இருந்தால், யார் தேடி வாங்கப் போகின்றனர்?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1987ல் இவர்கள் அமெரிக்காவில் கச்சேரி செய்யச் சென்றனர். ரசிகர்கள் பழைய பாடல்களைத்தான் கேட்பர் என்பது தெரியும். அதற்காக, அந்தப் பழைய பாடல்களைப் பாடும் வேறொரு குழுவை முதலில் மேடை ஏற்றினர். அவர்கள் பழையதைப் பாடி முடித்ததும், இவர்கள் வந்து புதியதைப் பாடினர். எப்படி யோசனை!

'அப்படியானால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யக் கூடாதா? பயிற்சி வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வாய்ப்பாட்டை நூறு முறை சொல்லுங்கள். வீணையில் ஒரே வரிசையை ஆயிரம் முறை வாசியுங்கள். அது கற்றுக் கொள்வதற்காகத் திரும்பச் செய்வது. நன்றாகக் கற்று முடித்த பிறகும், கைதட்டலுக்காக மட்டும் அதையே செய்து கொண்டிருப்பதுதான் கீறல். பழையதைத் தூக்கி எறியவும் வேண்டாம். 'பிங்க் ஃபிளாக்' இன்றும் இருக்கிறது. அதனருகில் வைக்க வேறொன்று வேண்டும்; அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை, 'அந்தப் பாட்டைப் பாடு' என்று சொல்வதற்குப் பதில், 'புதுசா என்ன கத்துக்கிட்டே?' என்று கேளுங்கள். தப்பும் தவறுமாகப் பாடினாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு குட்டீஸ். ஒரு பக்கம் 20 நிமிடம் போலப் பாடி முடித்ததும், மறுபக்கம் தானாகப் பாடாது. யாராவது எழுந்து போய், தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

நீங்கள் பரிசு வாங்கியது முதல் பக்கம். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இல்லையா? எழுந்து போய்த் திருப்புங்கள், பார்க்கலாம்!