தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை



நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. "உன்னை என்ன நாங்களா பெத்தோம்? தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!" என்போம். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மா மடியில் போய் விழும். நாம் சிரிப்போம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் கேமரன் மலைக்குப் போயிருந்தபோது, ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழக்கமான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் மாலைப் பொழுதைக் கழித்தேன். வெளியே தூறல். உள்ளே சூடாகத் தேநீர். அந்த வீட்டுப் பாட்டி அங்கேயே பிறந்து, நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இன்று அந்தச் சரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பாட்டியின் மகனும் தோட்டத்து வேலையை விட்டுக் காய்கறி லாரி ஓட்டுகிறார். அவருக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் ஏதோ குறும்பு செய்ய, பாட்டி வழக்கம்போல் தவிட்டுப் பேச்சை எடுத்தார். அவள் கலகலவென்று சிரித்தாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பையன் சிரிக்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

உண்மையில் வந்த பிள்ளை அவன்தான். நான்கு மாதக் குழந்தையாக இந்தக் கையில் கொடுத்துவிட்டு, வேலை தேடிப் போன தாய் திரும்பி வரவில்லை. பிறப்புப் பத்திரத்தில் இன்னும் அவள் பெயர்தான் இருக்கிறது. "எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டேன். "எதுக்கு அய்யா காகிதம்? சொந்தப் பிள்ளை மாதிரித்தானே வளர்க்கிறோம்" என்றார் பாட்டி.

அந்த 'மாதிரி' என்ற சொல் மலை இறங்கும் வரைக்கும் என் காதில் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில் அந்தத் தவிட்டுக் கதை. அது வெறும் கேலி அல்ல. முன்னாளில், பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். "இது எங்கள் பிள்ளையில்லை, விலைக்கு வாங்கியது" என்று எமனை ஏமாற்றுவதற்காக. தவிடன், பிச்சை, குப்பை என்றெல்லாம் நம் தாத்தாமாருக்குப் பெயர் வந்த வழி இது. ஆக, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் வேண்டாத பிள்ளை அல்ல, சாவின் கையிலிருந்து திரும்ப வாங்கிய பிள்ளை! காலப்போக்கில் அருத்தம் தலைகீழாகப் போய்விட்டது.

திரும்ப வாங்குவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிட்டு, சம்பளத்தன்று ஓடிப்போய் எடுத்து வருகிறோமே, அதற்கு நாம் சொல்லும் சொல் என்ன? மீட்பது. கிறிஸ்தவ வேதத்தில் வரும் மீட்பு என்ற சொல்லின் வேரும் அதுவே. விலை கொடுத்து விடுவிப்பது. அந்தக் காலத்து ரோமாபுரியில் அடிமைகளைச் சந்தையில் விற்றார்கள். விலை கொடுத்தால் அடிமைக்கு விடுதலை. பவுல் அப்போஸ்தலர் தம் நிருபங்களில் கிறிஸ்துவின் மரணத்தை அந்த விலையாகச் சொல்கிறார்.

இது வரை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். ஆனால் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் அங்கே நிற்கவில்லை. மீட்டுக்கொண்டது எதற்காக என்றும் அதே மூச்சில் சொல்கிறார்: நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்வதற்காக. பழைய தமிழ் வேதாகமத்தில் இதற்குப் புத்திரசுவிகாரம் என்று பெயர். யோசித்துப் பாருங்கள். விடுதலையான அடிமை சந்தை வாசலில் நிற்கிறான். சுதந்திரம் இருக்கிறது, ராத்திரி படுக்க இடம்? உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை? மீட்பு சந்தையோடு முடிந்துவிட்டால் அது பாதி மீட்புதான்.

சுவிகாரம் என்பதை ரோமர்கள் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. அவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களையே தத்தெடுத்தார்கள், சொத்துக்கும் பெயருக்கும் வாரிசு வேண்டி. ஜூலியஸ் சீசர் தம் உயிலில் தத்தெடுத்தவர்தான் பின்னாளில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஆனார். தத்துப்பிள்ளை பழைய குடும்பத்தின் அதிகாரத்திலிருந்து முழுக்க வெளியே வந்து, புதிய தகப்பனின் பெயரையும் சொத்துரிமையையும் பெற்றான். பாவம் பார்த்துச் சோறு போடுவதைக் குறிக்கப் பவுலுக்கு வேறு சொல் கிடைக்காமலா போயிற்று? வாரிசு உரிமை உள்ள சொல்லைத்தான் பொறுக்கி எடுத்தார். 'பிள்ளை மாதிரி' அல்ல, பிள்ளை.

தமிழ் மண்ணில் இதை வாழ்ந்து காட்டிய இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் என்ற சிற்றூர். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1901 மார்ச்சில் ஒரு நாள், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு விடப்பட்ட பிள்ளை. முன்பு ஒரு தடவை தப்பித் தூத்துக்குடிக்குத் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் பயந்து திரும்பவும் ஒப்படைத்துவிட்டாள். ஓடிய குற்றத்துக்காகக் குழந்தையின் கையில் சூடு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அவள் ஓடி வந்து சேர்ந்த வீட்டில் அம்மையாரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள்; 1918 முதல் ஆண் பிள்ளைகளும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947-ல்தான்.

அந்நிய நாட்டார் நம் பிள்ளைகளை எடுத்து வேறு மதத்தில் வளர்த்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நான் கவனிப்பது வேறொன்று. அம்மையார் அதை அனாதை விடுதியாக நடத்தவில்லை. தாமும் சேலை கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு 'அம்மா'வாக இருந்தார். பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்த நாளையே கொண்டாடினார்கள். 1951-ல் அவர் காலமானபோது, தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சுவிகாரத்தைப் பிரசங்கிக்கும் கிறிஸ்தவர்கள் இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்க நெடுங்காலம் வழியே இல்லை. 1956-ம் வருஷத்துத் தத்துச் சட்டம் இந்துக்களுக்கும் அதில் சேர்த்துச் சொல்லப்பட்ட சீக்கியர், சமணர், பௌத்தருக்கும்தான். கிறிஸ்தவர்கள் 1890-ம் வருஷத்துச் சட்டப்படி வெறும் காப்பாளர்கள். பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். 2000-ம் ஆண்டுச் சட்டமும் 2006-ல் அதற்கு வந்த திருத்தமும்தான் கதவைத் திறந்தன.

நமக்கு மலேசியாவில் அந்தக் குறை இல்லை. இருந்தும் எத்தனை வீடுகளில் அந்தப் பாட்டியின் பேச்சைக் கேட்கிறோம்! வளர்ப்பதில் நம் ஜனங்களுக்கு மனசு தாராளம். ஜப்பான்காரன் காலத்திலும் பின்னும் எத்தனை சீனப் பெண் குழந்தைகள் நம் லயங்களில் பொட்டும் பூவுமாக வளர்ந்தார்கள்! சோற்றில் ஓரவஞ்சனை கிடையாது. காகிதத்தில்தான் கைவிட்டுவிடுகிறோம்.

தீபகற்ப மலேசியாவில் 1952-ம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை இரண்டு வருஷம் தொடர்ந்து வளர்த்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் பதியலாம். சுலபம்தான், ஆனால் சொத்துரிமை வராது. மற்றது முஸ்லிம் அல்லாதாருக்கான தத்தெடுப்புச் சட்டம். இதற்குச் செஷன்ஸ் நீதிமன்றமோ உயர்நீதிமன்றமோ உத்தரவு போட வேண்டும். பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூக நல இலாகாவுக்கும் மூன்று மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் தேவை. விட்டுப் போனவர்களையோ தேடியும் கிடைக்காதவர்களையோ பொறுத்தவரை, நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். உத்தரவு வந்துவிட்டால் நீங்கள் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை அதற்கும் உண்டு. நீதிமன்றம் அனுமதித்தாலன்றி யாரும் இதற்குக் காசு வாங்கவோ கொடுக்கவோ கூடாது. தவிடு கூடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

குடியுரிமை வேறு சங்கதி. தத்து உத்தரவு கிடைத்ததால் மட்டும் அது தானாக வந்துவிடாது. பெற்றோர் இன்னாரென்று தெரியாத ஒரு தத்துப்பிள்ளையைக் குடிமகன் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 நவம்பரில். அதற்கு அந்தக் குடும்பம் உச்சப்படி வரை ஏறவேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டுக்குப் போய் நிற்கும்போதுதான் பல வீடுகளில் விஷயமே தெரிய வருகிறது. அதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இதையெல்லாம் பாட்டிக்கும் மகனுக்கும் கடிதமாக எழுதி அனுப்பினேன். பவுலின் அதிகாரத்தையும் குறித்திருந்தேன். பாட்டிக்குச் சட்டத்தைவிட அதுதான் எடுபடும் என்று தெரியும். நேற்று மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்கறிஞரைப் பார்த்தாகிவிட்டதாம், சமூக நல இலாகாவுக்கும் எழுதிப் போட்டாகிவிட்டதாம். பையனை உட்கார வைத்து எல்லாவற்றையும் பாட்டியே சொல்லியிருக்கிறார், தவிட்டுக் கதை உட்பட. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த மலையில் நெல்லே கிடையாதே பாட்டி, தவிட்டுக்கு எங்கே போனீங்க?" என்று கேட்டானாம்.