சீனர் பேட்டையில் ஒரு கோபுரம்

"சிங்கப்பூர்ச் சீனர் பேட்டையில் தமிழாசிரியருக்கு என்ன வேலை?" என்று பாசிக்குடா நண்பர் ஒருவர் என்னை வினவினார். அன்று நகைத்து விடுத்தேன். விடையை இம்மலரில் எழுதுகின்றேன்.

அப்பேட்டையை மலாயர் 'கிரேத்தா ஆயர்' என்பர். நீர்வண்டி என்பது பொருள். சீனர் வழங்கும் பெயரும் மாட்டுவண்டி நீரையே குறிக்கும். வண்டியிற் குடிநீர் வந்த காலத்தை அப்பெயர்கள் இன்றும் சொல்லுகின்றன. 1822இல் இராபிள்ஸ் வகுத்த திட்டம் ஆற்றின் தென்மேற்குப் புறத்தைச் சீனருக்கு ஒதுக்கிற்று. ஆயினும் அதன் நடுவே, சவுத் பிரிட்ஜ் வீதியில், 1827இல் மரமும் ஓலையுமாய் எழுந்தது மாரியம்மன் கோயில். 1819இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை என்பார் அதனை நிறுவினார். பின்னர் எழுந்த கோபுரத்தைக் கண்டே அருகிலுள்ள தெருவுக்குப் 'பகோடா தெரு' என்று பெயர் வந்தது. சீனர் பேட்டையின் புகழ்மிக்க தெரு தமிழர் கோபுரத்தாற் பெயர் பெற்றதென்பதை நம்மவருள் எத்தனைபேர் அறிவர்?

தெலுக் ஆயர் தெருவில், சீனர் தம் கடற்றெய்வத்துக்கு எடுத்த தியான் ஹொக் கெங் கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் எடுத்த நாகூர் தர்காவும் ஒரே வரிசையில் உள்ளன. அக்காலத்தில் கடல் அத்தெருவோரம் வரை இருந்தது. உயிரோடு கரையேறியோர் நன்றி செலுத்திய இடங்கள் அவை. கடலை நம்பி வாழும் எம்மூரார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

1989இல் அங்குள்ள பழைய கடைவீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் ஓரறையிற் பலராய் நெருங்கி வாழ்ந்த குடிகள் அதற்கு முன்னரே அரசின் மாடிவீடுகளுக்குப் பெயரத் தொடங்கியிருந்தனர். அவர் பெற்ற நலத்தை யான் குறைகூறேன். எனினும் வண்ணந் தீட்டிய சாளரங்களின்கீழ் விளையாட்டுப் பொருள் விற்கும் தெருவில் நடக்கையில், வீட்டார் இல்லாத வீட்டில் நுழைந்தாற்போன்ற கூச்சமே உண்டாயிற்று. மாரியம்மன் கோயிலில் அக்கூச்சம் இல்லை; ஐப்பசித் தீமிதிக்கு இன்றும் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே வருகின்றனர் அடியார்.

2009இல் போர் ஓய்ந்தபின் எமது குடாவைச் சுற்றியும் விடுதிகள் எழுந்துள்ளன. வருவோர் மணலையும் ஆழமற்ற நீரையும் வியந்து மீள்கின்றனர். பாசியால் வந்த பெயரென்று அவர்க்குச் சொல்வார் எவருமிலர். விழாக் காணும் இச்சங்கம் மண்டபம் ஒன்று கட்ட எண்ணுவதாகக் கேள்வி. மண்டபம் சற்றுப் பொறுக்கலாம். மேல்வகுப்பு மாணவரை எம் கரையோர ஊர்களுக்கு அனுப்பி, துறை, குளம், கோயில் ஆகியவற்றின் பெயர்க் காரணங்களை முதியோரிடம் கேட்டு எழுதுவித்து அச்சிடுக. முதியோர் பொறுத்திரார்.